ஆறாம் வரிசையின் கூரை

அக்டோபர் இரண்டாம் வாரம் வெர்லின் கிராடோச்விலுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் நூலகத்தின் பின்னறைக்கு வர வேண்டும். சத்தியம் செய்துவிட்டு, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மே மாதத்து ஆலங்கட்டி மழைதான் எங்கள் கூரைகளைக் கெடுத்ததா என்பது கேள்வி. கடிதத்தை எனக்குத்தான் முதலில் படிக்கக் கொடுத்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். காட்டன்வுட் சந்து வீட்டுச் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் செயலாளர்.

"என்ன செகரட்டரி, ஜெயில்ல களி நல்லாயிருக்குமா?" என்றார்.

"உங்களுக்கு அங்கயும் ஒரு சங்கம் வெச்சுக் குடுப்பாங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு எடுத்துப் பிரித்து இரண்டாக மட்டும் மடித்து மறுபடி வைத்தார்.

எங்கள் சந்தில் ஆறு வரிசைகள், வரிசைக்கு நான்கு வீடுகள். ரயில்வேயிலும் இறைச்சி ஆலையிலும் பள்ளிக்கூடத்திலும் உழைத்து ஓய்ந்தவர்கள் வாங்கிய வீடுகள் அவை. வீடு அவரவருக்கு, கூரை சங்கத்துக்கு. இதைப் புரிந்துகொள்வதற்குள்ளேயே பலருக்கு வயதாகிவிடும். அந்த அக்டோபரில் முதல் நான்கு வரிசைகளில் புதுத் தார் ஓடுகள் கறுப்பாக மின்னின. ஐந்தாம், ஆறாம் வரிசைகளில் ஓடே இல்லை. ஜூலையில் பிரித்துப்போட்டதோடு சரி. பலகையின் மேல் நீலத் தார்ப்பாய்கள் விரிந்து கிடந்தன. நெப்ராஸ்காவின் காற்றுக்குத் தார்ப்பாய் என்றால் ஒரு விளையாட்டு. பகல் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் துறைமுகத்தில் இருக்கிறோம் என்று தோன்றும். எங்களுக்கு மிகப் பக்கத்துக் கடலே ஆயிரம் மைலில் இருக்கிறது.

ஆறாம் வரிசையின் கடைசி வீட்டில் மார்லிஸ் இருந்தாள். வெர்லினின் மனைவி ஆர்டித்தின் தங்கை, அறுபத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இன்னமும் வேலை பார்த்தாள். அவள் படுக்கையறையின் விட்டம் செப்டம்பரிலேயே தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது.

மழையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மே பதினேழாம் தேதி ஊருக்கு வடக்கே மூன்று மைலில் முட்டையளவு ஆலங்கட்டி விழுந்து, முளைத்த சோளத்தை மண்ணோடு அரைத்துவிட்டுப் போனது. எங்கள் சந்தில் பட்டாணியளவுதான். பத்து நிமிடம். ஆர்டித் ஒரு கிண்ணத்தில் பிடித்து எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் குடித்தாள்.

மறுநாளே வெளிமாநில எண் பலகையோடு வண்டிகள் வந்துவிட்டன. எல்லா வண்டியிலும் மேலே ஏணி. ப்ரெண்ட் டில்லார்ட் அப்படி வந்தவன்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவான். சட்டை இஸ்திரி போட்டிருக்கும். காசு வேண்டாம், கூரையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றான். வெயிலில் ஏறி இறங்கி வேர்த்து நின்றவனை வாசலிலேயே அனுப்ப ஆர்டித்துக்கு மனம் வரவில்லை. உள்ளே உட்காரவைத்து, உருளைக்கிழங்கு மசியலின் மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"உங்க கூரைக்கு வயசாச்சு சார். ஆனா வயசுக்கு இன்சூரன்ஸ் காசு தராது. மழைக்குத் தரும்," என்றான். "மேல ஆலங்கட்டி அடிச்ச குறி இருக்கு. வந்து பாருங்க."

எழுபத்து நான்கு வயதில் வெர்லின் மேலே ஏறினார். கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"நம்ம பங்குன்னு முதல்ல ஒரு தொகை கட்டணுமே. சங்கத்துல அவ்ளோ இல்ல," என்றார்.

"அதை நாங்க பாத்துக்கறோம். ஒவ்வொரு புல்வெளியிலயும் எங்க விளம்பரப் பலகை ஒண்ணு நட்டுக்கறோம். அதுக்கு வாடகைன்னு அந்தத் தொகையைக் கழிச்சிருவோம். நீங்க ஒரு பைசா தர வேணாம்."

ஒரு பக்கக் காகிதம். கூரையில் ஏற அனுமதி என்று மேலே எழுதியிருந்தது. இன்சூரன்ஸ் பணத்தைக் கேட்கும் உரிமையையும் வேலையையும் அவனுக்கே எழுதிக்கொடுப்பதாகக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. வெர்லின் கையெழுத்திட்டார். சாட்சியாக நானும் போட்டேன். மேசையில் நூடுல்ஸ் தட்டு இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது.

முதல் தவணை சீக்கிரமே வந்தது. அதை வாங்கிக்கொண்டு ஆறு வரிசையையும் பிரித்தான், நான்கை மூடினான், பிறகு இரண்டு மடங்குக்கு ஒரு புது மதிப்பீட்டை அனுப்பினான். இன்சூரன்ஸ் கம்பெனி விழித்துக்கொண்டது. பொறியாளர் ஒருவர் வந்து குப்பைத் தொட்டியிலிருந்த பழைய ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். பணம் நின்றது. வேலை நின்றது. டில்லார்ட் தனக்குப் பணம் பாக்கி என்று இருபத்து நான்கு வீட்டின் மேலும் வில்லங்கம் பதிந்துவிட்டான். வீட்டை விற்கவும் முடியாது, அடகு மாற்றவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆர்டித்தின் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மருத்துவமனையில் மாலை முறை வேலை, அதனால் பகலெல்லாம் அவர்கள் மேசைதான். ஆர்டித் நூடுல்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அறுவடைத் தூசி வானத்தைச் செம்மண் நிறமாக்கியிருந்தது.

"என்ன கேப்பாங்க?" என்றாள் ஆர்டித்.

"மேல ஏறினியான்னு கேப்பாங்க. ஏறினேன். என்ன பாத்தேன்னு கேப்பாங்க."

"மழைக் குறியைப் பாத்தேன்னு சொல்லு."

வெர்லின் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"வெர்லின்?"

"அது மழைக் குறி இல்ல, ஆர்டித்."

தேய்க்கும் கட்டை நின்றது.

"முப்பத்தோரு வருஷம் ரயில்வேல சரக்கு வண்டிச் சக்கரத்தைப் பாத்துச் சொன்னவன் நான். எது தேஞ்சது, எது அடிபட்டதுன்னு. அந்தக் குறி எல்லாம் ஒரே அளவு. ஒருத்தன் முட்டி போட்டு உக்காந்தா கை எட்டற தூரம் வரைக்கும் இருக்கு, அதுக்கப்புறம் இல்ல. அடுத்தாப்ல மறுபடி ஆரம்பிக்குது. ஓட்டுக்கு நடுவுல புகை போற மெல்லிசு தகரக் குழாய் இருக்குல்ல, ஆலங்கட்டின்னா அதுதான் முதல்ல நசுங்கும், அதுல ஒரு கீறல் கெடையாது. தகரத்துல தட்டினா சத்தம் கீழ கேக்கும்னு விட்டுட்டான். நாம அவனுக்கு எலுமிச்சைச் சாறு கலக்கிட்டிருந்தப்ப அவன் மேல சுத்தியால வேலை பாத்திருக்கான்."

"இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பாத்தீங்களா சார்னு கேட்டான். பாத்தேன்னு சொன்னேன். அவனுக்கும் தெரிஞ்சுது எனக்குத் தெரிஞ்சுதுன்னு."

"நான் கேட்டது அதில்ல. ஏன் சொல்லல?"

வெர்லின் மேசையிலிருந்த மாவுத்தூளை விரலால் ஒதுக்கினார். "பதிமூணு வருஷமா நான் தலைவரு. ஒரு வருஷம்கூடச் சந்தா ஏத்தல. இந்த மாவட்டத்துலயே நம்ம சந்தாதான் கம்மி. ஜனவரி ஜனவரிக்குச் சர்ச் அடித்தளத்துல நின்னு அதைச் சொல்லுவேன், எல்லாரும் கை தட்டுவீங்க. கூரைக்குன்னு வெச்சிருந்தது ரெண்டு வரிசைக்குக் காணாது. மேல நின்னு அந்தக் குறியைப் பாத்தப்ப எனக்குக் கோவம் வரல, ஆர்டித். அப்பாடான்னு இருந்துச்சு."

எனக்கு முகம் சுட்டது. அந்தக் கணக்கை ஒவ்வொரு ஜனவரியும் வாசித்தவன் நான்தான். கூரை நிதி என்ற வரியை மற்ற வரிகளைவிட வேகமாக வாசிப்பேன். யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. வாசித்து முடித்ததும் காபியும் இனிப்பும் இருக்கும்.

"சரி," என்றாள் ஆர்டித். மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். "இப்ப உண்மையைச் சொன்னா?"

"இன்சூரன்ஸ்காரன் பாலிசியே செல்லாதுன்னுருவான். குடுத்ததையும் திருப்பிக் கேப்பான். வீட்டுக்குப் பதினெட்டாயிரம் டாலர் வரும்."

"மார்லிஸுக்குப் பதினெட்டாயிரம்."

"எல்லாருக்கும்."

"நான் எல்லாரையும் கேக்கல. மழை பெஞ்சுதா இல்லையா?"

"பெஞ்சுது."

"அதைச் சொல்லு. பெஞ்ச மழையைப் பெஞ்சுதுன்னு சொல்றதுல என்ன பாவம்?"

"அதைக் கேக்க மாட்டாங்களே."

"நீ ஒரு வார்த்தை சொன்னா அவ தலைக்கு மேல கூரை இருக்கும். அஞ்சு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தல்ல? இன்னும் ஒரு காலைப்பொழுது மூடிக்கிட்டு இருக்க முடியாதா உன்னால?"

அப்போது பின்கதவைத் தட்டாமலே மார்லிஸ் வந்தாள். பள்ளிக்கூடத்தில் அன்று காரப் பயறுக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டியும். மீந்த ரொட்டிகளை ஒரு தட்டில் மூடிக் கொண்டுவந்திருந்தாள். சமையலறையில் தலைமுடிக்குப் போடும் வலையை இன்னும் கழற்றவில்லை.

"ஏன் எல்லாரும் எழவு வீட்ல இருக்கற மாதிரி உக்காந்திருக்கீங்க? நல்லா சாப்பிடுங்க. முந்நூறு பிள்ளைங்க நக்கிட்டுப் போன குழம்பு, ரொட்டி மட்டும் எப்படியோ தப்பிச்சுது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வெர்லின், வெள்ளிக்கிழமை எனக்கு லீவு குடுத்துட்டாங்க. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"எதுக்கா? நேத்து ராத்திரி ஒழுகலுக்குப் பயந்து கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டவ நான்தானே. வக்கீலு வெளிய வந்தான்னா என் மூஞ்சியை ஒருதரம் பாக்கட்டும். நீ உள்ள போய் நெட்டுக்குத்தா உக்காந்து மழை பெஞ்சுச்சு ஐயான்னு சொல்லிட்டு வா. உன் மூஞ்சியைப் பாத்தா எவனும் பொய்னு சொல்ல மாட்டான். அப்படி ஒரு சப்பை மூஞ்சி உனக்கு."

ஆர்டித் தங்கைக்குக் காபி ஊற்றினாள். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது.

வியாழக்கிழமை காலை வெர்லினோடு ஆறாம் வரிசைக்குப் போனேன். தார்ப்பாயின் ஒரு மூலை பிய்ந்திருந்தது. கீழே நின்றபடியே கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது டில்லார்டின் வண்டி வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டே இறங்கினான்.

"வணக்கம் சார். வீட்ல அம்மா சௌக்கியமா?"

வெர்லின் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "இந்த ரெண்டு வரிசையை எப்ப மூடப்போற?"

"பணம் வந்த மறுநாள். ஆளுங்க ரெடி, ஓடு ரெடி. பனி விழறதுக்குள்ள முடிச்சிரலாம். எல்லாம் நாளைக்கு உங்க வாயில இருக்கு." சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. "நீங்க அன்னைக்கு மேல வந்தீங்க. பாத்தேன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டீங்க. அதை நான் மறக்கல சார். என்னை யாராச்சும் கேட்டா அதைத்தான் சொல்லுவேன். தலைவரு பாத்தாரு, சம்மதிச்சாருன்னு."

"மெரட்டறியா?"

"உங்க வீட்ல சாப்பிட்டவன் சார் நான். மெரட்டுவேனா? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்னு சொல்றேன்."

அவன் போனபிறகு வெர்லின் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்தபடியே நின்றார். "அவன் சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல, பாத்தியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை என் காரில் நால்வரும் போனோம். ஆர்டித் அவருக்கு ஒரு டை கட்டிவிட்டிருந்தாள். மார்லிஸ் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தாள். நூலகத்தின் பின்னறையில் வக்கீல் ஒரு பெண். பக்கத்தில் சுருக்கெழுத்து இயந்திரத்தோடு இன்னொரு பெண். கதவு மூடுவதற்கு முன் வெர்லின் வலக்கையைத் தூக்கியதைப் பார்த்தேன்.  விரல்கள் முழுதாக விரியவில்லை, பல வருடமாகவே அப்படித்தான்.

செய்தித்தாள் அடுக்கின் பக்கத்தில் காத்திருந்தோம். மார்லிஸ் சமையல் பத்திரிகை ஒன்றைப் புரட்டி, படங்களைக் கேலிசெய்துகொண்டிருந்தாள். ஆர்டித் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை மணி நேரம் ஆனது. அவர் வெளியே வந்து, "போலாம்," என்றார். வக்கீல் கதவருகே நின்று எங்களைப் பார்த்தாள். மார்லிஸ் அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவள் குனிந்து தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள்.

ரயில்பாதை கேட்டில் மாட்டிக்கொண்டோம். நிலக்கரி வண்டி, நூற்று முப்பது பெட்டியாவது இருக்கும். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. வெர்லின் முன்சீட்டிலிருந்து பெட்டிகளின் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப பணம் வருமாம்?" என்றாள் மார்லிஸ் பின்னாலிருந்து.

"வராது."

"ஏன்? மழை பெஞ்சுதுன்னு சொன்னல்ல?"

"மேல என்ன பாத்தன்னு கேட்டாங்க. பாத்ததைச் சொன்னேன்."

ஆர்டித் கண்ணை மூடிக்கொண்டதைப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன்.

"என்ன பாத்த?" என்றாள் மார்லிஸ்.

அவர் திரும்பி உட்காராமல், வண்டியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுத்தியல் குறிகள், தகரம், "பாத்தேன்" என்று சொன்னது, கையெழுத்து. சக்கரச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. முடித்தபோது இன்னும் பாதி வண்டி பாக்கி இருந்தது.

"மே மாசமே தெரியும் உனக்கு," என்றாள் மார்லிஸ்.

"தெரியும்."

"ஆர்டித், உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை," என்றாள் ஆர்டித்.

மார்லிஸ் கைப்பையைத் திறந்து, ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

"மே மாசம் நீ சொல்லியிருந்தா அவன் ஏணியைத் தூக்கிட்டுப் போயிருப்பான். எனக்குப் பழசா இருந்தாலும் ஒரு கூரை இருந்திருக்கும். அப்புறம் அஞ்சு மாசம் பேசாம இருந்த. சரி, ஓட்டைப் பிரிச்சதுலேர்ந்து நான் ஒழுகற தண்ணியைப் பிடிச்சேன். இன்னைக்கும் பேசாம இருந்திருந்தா எனக்குப் புதுக் கூரை வந்திருக்கும். நீ வாயைத் திறந்தது இன்னைக்கு. மூடினதும் திறந்ததும் ரெண்டும் உனக்காகத்தான் வெர்லின். நடுவுல என் வீடு மாட்டிக்கிச்சு."

"சத்தியம் பண்ணி உக்காந்தேன், மார்லிஸ்."

"ஆமா. கேட்டேன். கதவு மூடறதுக்கு முன்னாடி."

கடைசிப் பெட்டி போனது. ரயில் கேட் மேலே ஏறியது. பின்னாலிருந்த வண்டி ஒலியெழுப்பும்வரை நான் நகரவில்லை.

சந்துக்குள் திரும்பியபோது காற்றில் பனித்துருவல் கலந்திருந்தது, தரையைத் தொடுமுன் காணாமல்போகிற வகை. ஆறாம் வரிசையின் முன் நிறுத்தினேன். மார்லிஸ் இறங்கினாள்.

"அந்த மூலைத் தார்ப்பாயை வந்து இழுத்துக் கட்டறேன்," என்றார் வெர்லின்.

"வேணாம். விட்டுட்டுப் போறவளுக்கு எதுக்கு?" என்றாள். "பாங்க்ல திங்கக்கிழமை கேக்கறேன், வில்லங்கத்தோட எவன் வாங்குவான்னு. அடிமாட்டு விலைக்குக் கேக்க ஒருத்தன் இருப்பான்ல."

ஆர்டித்தும் மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கினாள். கணவனைப் பார்க்கவில்லை, கோபமாகவும் தெரியவில்லை. தங்கையின் பின்னால் நடந்து உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

"உங்களை வீட்ல விட்டுரவா?" என்றேன்.

"இல்ல. இங்கயே இறங்கறேன். மத்தவங்களுக்கு யார் சொல்லுவா? கடிதம் வந்து தெரிஞ்சுக்கக் கூடாது."

"சர்ச்ல கூட்டம் போட்டுச் சொல்லலாமே. நானும் பக்கத்துல நிக்கறேன். சாட்சிக் கையெழுத்து என்னுது."

"நீ மேல ஏறல," என்றார். டையை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஐந்தாம் வரிசையின் முதல் வீட்டில் தொடங்கினார். காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் அவரோடு வேலை பார்த்த டுவெய்ன் ஸ்டாஸ்னி கதவைத் திறந்தார். வெர்லின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினார். டுவெய்ன் கேட்டார், கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவேயில்லை. உள்ளே வா என்று சொன்னதாகத் தெரியவில்லை. எங்கள் சந்தில் அந்தக் குளிரில் யாரும் யாரையும் வாசலில் நிறுத்திவைத்து நான் பார்த்ததில்லை. இரண்டாம் வீட்டில் கிழவி பாதியிலேயே அழத் தொடங்கி, அவரை நிற்கவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் திறந்த கதவின் முன் நின்றார். பிறகு குளிர் உள்ளே போகாமல் அவரே கதவை மெல்லச் சாத்தினார்.

மூன்றாம் வீட்டில் விளக்கு எரிந்தது, ஜன்னல் திரை அசைந்தது. தட்டினார். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார். டுவெய்ன் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போனது. அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

போகவில்லை. தொப்பியை இரு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தே ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.